என் ஜெபத்தின் நடுவே ராக்காயி சொன்ன ஆமென்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, இந்தச் சாட்சியை எழுதி வைத்து வாசிக்கிறேன். எழுதாமல் எழுந்து நின்றால் நான் எப்போது உட்காருவேன் என்று யாருக்கும் தெரியாது. அது என் பழைய வியாதி. பதுளைச் சபையார் அதை நன்றாக அறிவீர்கள். என் எதிர்க்கடை சுப்பையா பிள்ளை அறியமாட்டார். அவர் சைவர். இன்றைக்கு, சபை கூடி உண்டு சாட்சி சொல்லும் நம்முடைய அன்பின் விருந்துக்கு நான் கூப்பிட்டதற்காக முதல்முறையாக நம் ஆலயத்துக்குள் வந்து கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் விளங்கும்படி எல்லாவற்றையும் ஆதியிலிருந்து சொல்லுகிறேன்.

போன ஐப்பசி மழையில், தெமோதரைப் பக்கம் ரயில் பாதைக்காக மலையைக் குடைந்துகொண்டிருந்த நாட்களில், என் ஒரே மகள் கிருபை தொண்டை அடைத்துச் சாகக் கிடந்தாள். அவளுக்கு ஏழு வயது. அவள் பாய்க்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு நான் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன். இதைக் கேட்டதும் பெண்கள் பக்கத்தில் யாரோ உச்சுக்கொட்டுகிறீர்கள். உச்சுக்கொட்ட வேண்டாம். அது பக்தி இல்லை. அது என்ன கண்றாவி என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

என் பெயர் தேவசகாயம். கடைவீதியில் தையல் கடை வைத்திருக்கிறேன். தோட்டத்துத் துரைமாருக்குக் கோட்டும் காற்சட்டையும் தைப்பது என் பிழைப்பு. பன்னிரண்டு வருஷம் இந்தச் சபையில் வகுப்புத் தலைவனாக இருந்தேன். வகுப்பு என்றால், பிள்ளைவாள், பத்துப் பேர் வாரத்துக்கு ஒருதரம் கூடி, அவரவர் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று சொல்லி, ஒவ்வொருவராக வாய்திறந்து ஜெபிப்பது. ஆத்துமா நன்றாக இருப்பவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதகர் ஐயா ஒரு சீட்டுக் கொடுப்பார். அந்தச் சீட்டு இருந்தால்தான் சபையில் முழு அங்கத்தினர். யாருக்குக் கொடுக்கலாம், யாருக்கு வேண்டாம் என்று அவருக்குச் சொல்லுகிற அதிகாரம் வகுப்புத் தலைவனுக்கு. மற்றவர்களுடைய ஆத்துமாவை நாடா வைத்து அளக்கிற வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

என் ஜெபத்துக்கு இந்த ஊரில் ஒரு பேர் இருந்தது. ஏதேன் தோட்டத்தில் புறப்பட்டு, பேழையில் ஏறி, செங்கடலைக் கடந்து நான் பதுளைக்கு வந்து சேர அரைமணி நேரம் ஆகும். வந்த பிறகும் நோயாளியிடம் போகமாட்டேன். முதலில் சக்கரவர்த்திக்காக, பிறகு கவர்னருக்காக, பிறகு ஊவா முழுவதிலும் உள்ள துரைமார்களுக்காக. நோயாளி கடைசியில். அதற்குள் சிலர் சுகமாகியிருப்பார்கள், சிலர் தூங்கியிருப்பார்கள்.

எனக்குப் போட்டிக்கு இரண்டு பேர். ஒருவர் நம் உபதேசியார் மாசிலாமணி ஐயா. அவர் ஜெபத்தில் மூன்று இடத்தில் அழுவார். எப்போதும் அதே மூன்று இடம். மற்றவர் ஆபிரகாம் வாத்தியார். அவர் ஜெபத்தைக் கேட்டால் ஆண்டவரே அகராதி தேடவேண்டும். ஐயாமார்களே, முகத்தைத் திருப்பவேண்டாம், உங்களை விட என்னைத்தான் அதிகமாக ஏசப்போகிறேன். யாராவது நோயாகப் படுத்தால் நாங்கள் மூன்று பேரும் போய் முழங்கால் போடுவோம். வீடு திரும்பும்போது, யாருடைய ஜெபத்தில் பெண்கள் அதிகமாக அழுதார்கள் என்று மனசுக்குள் கணக்குப் பார்ப்போம். நோயாளி என்ன ஆனான் என்று பார்க்க மறுநாள் யாரும் போனதாக எனக்கு நினைவில்லை.

எங்கள் சபையில் ஒரு கட்டுப்பாடும் இருந்தது. ஜெபத்துக்கு முழங்கால் போட்டுவிட்டால், கடைசி ஆள் ஆமென் சொல்லும் வரைக்கும் ஒருவரும் எழும்பக்கூடாது. ஒருமுறை வாத்தியார் வீட்டில் நாங்கள் ஜெபித்துக்கொண்டிருக்கும்போது அடுப்பில் சோறு தீய்ந்து வீடெல்லாம் புகைந்தது. வாத்தியாரம்மா எழும்பவில்லை. அதை ஒரு மாதம் வரைக்கும் விசுவாசத்துக்கு உதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு அந்த வீட்டுப் பிள்ளைகள் பட்டினி கிடந்ததை யாரும் சொல்லவில்லை.

இனி என் காய்ச்சல் கதை. அதற்கு முந்தின வருஷம் எனக்குக் குளிர்காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்துக் கிடந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன், மருந்து தொடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன். காய்ச்சல் விட்டது. அந்த வருஷத்து அன்பின் விருந்தில் இதே இடத்தில் நின்று ஒரு மணி நேரம் சாட்சி சொன்னேன். ஒரு வில்லை மருந்தில்லாமல் ஆண்டவர் என்னைத் தொட்டார், இனி என் வீட்டுக்கு டாக்டர் தேவையில்லை என்று கைகளை உயர்த்திச் சொன்னேன். உங்களில் பாதிப் பேர் அழுதீர்கள். அதற்குப் பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த சபையாரை வகுப்பில் நிறுத்தி, உன் விசுவாசம் எங்கே என்று கேட்கத் தொடங்கினேன். போதகர் ஐயா ஒருநாளும் அப்படிப் போதித்ததில்லை. அது முழுக்க முழுக்க என் சொந்தச் சரக்கு.

என் வகுப்பில் ராக்காயி என்று ஒருத்தி இருந்தாள். இதோ, வாசல் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். ஞானஸ்நானத்தில் ரெபேக்காள் என்று பெயர் கொடுத்தோம், கூப்பிடுவது ராக்காயி என்றுதான். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். ஞாயிற்றுக்கிழமைதோறும் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து மலையிறங்கி நடந்தே வருவாள். வாங்கில் உட்காரமாட்டாள். உட்காரச் சொல்லி நாமும் ஒருநாளும் சொன்னதில்லை. வகுப்பில் அவள் முறை வரும்போது, "சாமி, இருக்கேன், பாத்துக்க" என்பாள். அவ்வளவுதான் ஜெபம்.

இரண்டு வருஷம் அவளுக்குச் சீட்டுக் கொடுக்கவிடாமல் நான் தடுத்தேன். சீட்டில்லாதவர்களைப் பரீட்சையில் இருக்கிறவர்கள் என்போம். ஒவ்வொரு தடவையும் போதகர் ஐயாவிடம், "இந்த ஸ்திரீக்கு ஜெபிக்க வரவில்லை, இன்னும் பரீட்சையில் இருக்கட்டும்" என்று எழுதிக் கொடுத்தேன். சீட்டு வாங்குகிற நாளில் எல்லாரும் முன்னே போவார்கள். அவள் கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் அவளுக்கு ஜெபம் கற்றுக்கொடுக்கிறேன் என்று ஒரு பத்தியை மனப்பாடம் பண்ணச் சொன்னேன். "அம்புட்டும் எனக்கு நிக்காதுங்கய்யா" என்றாள். நான் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள்.

இப்படிப்பட்ட யோக்கியனுடைய வீட்டில்தான் ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை கிருபைக்குத் தொண்டை வலி வந்தது. மழைக்கு வந்த சளி என்று நினைத்தோம். புதன்கிழமை கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து விறைத்துவிட்டது. வியாழக்கிழமை குரல் மாறி, வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுகிறவள் போலப் பேசினாள். வெள்ளிக்கிழமை பேச்சே இல்லை. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயோரத்தில் வழியவிட்டுக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் மனைவி ஞானம்மாள் முதல் இரண்டு நாள் கேட்டாள். பிறகு கெஞ்சினாள்.

"ஆஸ்பத்திரி என்ன கண்காணாத தேசத்துலயா இருக்கு? நடந்து போற தூரம். ஒருதரம் காட்டிட்டு வந்துருவோம், என்னங்க."

"ஊர் முழுக்க அறியச் சாட்சி சொல்லியிருக்கேன் ஞானம். இப்ப நானே அங்க போய் நின்னா என்ன சொல்வாங்க?"

"உங்க சாட்சிக்கு என் பிள்ளையைக் கொடுக்கணுமா?"

"அவிசுவாசமாப் பேசாத."

அவள் பிள்ளையின் வாயோரத்தைத் துடைக்கப் போய்விட்டாள். என்னை மீறிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். பன்னிரண்டு வருஷமாக நான் அவளுக்குப் புருஷனாக மட்டும் இருக்கவில்லை, வகுப்புத் தலைவனாகவும் இருந்தேன். அந்தப் பயத்தை அவளுக்குள் நான்தான் வளர்த்தேன். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் குமட்டுகிறது.

சனிக்கிழமை மத்தியானம் கடையில் தனியாக இருந்தேன். மழைக்கு ஆள் நடமாட்டமில்லை. கையில் வெள்ளை லாங்கிளாத்தை வைத்து அளந்துகொண்டிருந்தேன். யாரும் வெள்ளைத் துணியில் எதுவும் கேட்டிருக்கவில்லை. எந்த அளவுக்கு வெட்டப்போகிறேன் என்று பார்த்தேன். ஏழு வயதுப் பிள்ளையின் அளவு.

துணியைக் கீழே போட்டுவிட்டேன். என் கை எப்போதோ அவளைக் கைவிட்டிருந்தது. வாய்தான் விசுவாசம் பேசிக்கொண்டிருந்தது. நான் முழங்கால் போடவில்லை, கண்ணை மூடவில்லை. தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "ஆண்டவரே, என் பிள்ளை சாகிறாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதனால் போகமாட்டேன் என்கிறேன். யாரையாவது அனுப்பி என் வாயை மூடும்." பன்னிரண்டு வருஷத்தில் நான் பொய்யில்லாமல் பண்ணிய ஜெபம் அது ஒன்றுதான். சொல்லி முடித்ததும் பழைய ஆள் திரும்பிவந்தான். கடையைப் பூட்டிக்கொண்டு போய், நாளைக்கு ஆராதனை முடிந்ததும் எல்லாரும் என் வீட்டில் ஜெபத்துக்கு வரவேண்டும் என்று உபதேசியாரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்து நேராக வந்தார்கள். சிறிய வீடு. நடுவில் பாயில் கிருபை, தலைமாட்டில் ஞானம்மாள், சுற்றிலும் நாங்கள். குடையிலிருந்து வடிந்த தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. ராக்காயியும் வந்தாள். நனைந்த கம்பளியை வெளியே உதறிவிட்டு வாசற்படியண்டை உட்கார்ந்தாள். கிருபை மூச்சிழுக்கும்போது ஈர மரத்தை அறுக்கிற மாதிரிச் சத்தம் வந்தது. அந்தச் சத்தத்துக்குமேல் குரல் எழுப்ப வேண்டியிருந்தது. நாங்கள் எழுப்பினோம்.

உபதேசியார் ஐயா தொடங்கினார். மூன்று இடத்திலும் அழுதார். வாத்தியார் தொடர்ந்தார். அவர் எந்த அரசனைப் பற்றியோ ஜெபித்துக்கொண்டிருக்கும்போது நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். பிள்ளையின் உதடு நிறம் மாறியிருந்தது. அப்போதே எழும்பியிருக்கவேண்டும். எழும்பினால் கட்டுப்பாடு உடையும். கண்ணை மூடிக்கொண்டேன்.

என் முறை வந்தது. இதைச் சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது, ஆனாலும் சொல்லுகிறேன். நான் ஏதேனில் தொடங்கினேன். என் மகள் அரை முழத்துக்கு அப்பால் மூச்சுக்குத் தவிக்கிறாள், நான் ஆதாமுடைய மூக்கில் ஊதப்பட்ட சுவாசத்தைப் பற்றி ஒரு அழகான வாக்கியம் கட்டினேன். வாத்தியாருக்கு இது தோன்றவில்லையே என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் வந்தது. ஆமாம், சபையாரே, வந்தது. அதற்குள் பேழைக்கு வந்துவிட்டேன். ஞானம்மாள் விம்முவது கேட்டது. என் ஜெபம் அவளைத் தொட்டது என்று நினைத்தேன்.

"ஆமென்."

வாசல் பக்கத்திலிருந்து வந்தது. மெல்லிய குரல் அல்ல. மலையில் ஒரு தேயிலை நிரையிலிருந்து அடுத்த நிரைக்குக் கேட்கும்படி கூப்பிடுகிற குரல். எல்லாரும் கண்ணைத் திறந்தோம். ராக்காயி எங்களுக்கு நடுவில் புகுந்து, உபதேசியாரின் தோளைத் தள்ளிக்கொண்டு, பிள்ளையண்டை குனிந்திருந்தாள்.

"போதுங்க. சாமிக்குக் கேட்டிருச்சு" என்றாள். "அம்மா, கம்பளிய எடுங்க."

உபதேசியார் முழங்காலில் நின்றபடியே அதட்டினார். "ஏய், ஜெபத்துக்கு நடுவுல என்ன இது? உக்காரு."

"நீங்க பண்ணிக்கிட்டு இருங்கய்யா. நான் பிள்ளையக் கொண்டுட்டுப் போறேன்."

அவள் யாரையும் பார்க்கவில்லை. ஞானம்மாள் எழும்பி ஓடிப்போய்க் கம்பளியை எடுத்துக்கொண்டு வந்தாள். பிள்ளையின் முகம் மட்டும் வெளியே தெரியும்படி சுற்றி, படுக்கவைக்காமல் தோளில் நிமிர்த்திச் சாய்த்து, தலையைக் கையால் தாங்கிக்கொண்டு ராக்காயி மழைக்குள் இறங்கினாள். பின்னாலேயே என் மனைவி. நான் இன்னும் முழங்காலில் இருந்தேன். வாய் திறந்திருந்தது, அதில் ஒரு சொல்லும் இல்லை. முந்தின நாள் நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது என்று அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்தது. எழும்பி ஓடினேன்.

கடைவீதியில் ஒரு பெண் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. கொழுந்துக் கூடையோடு மலையேறிப் பழகின கால்கள். நான் காற்சட்டைத் துணி மடித்துப் பழகினவன், பாதி வழியிலேயே எனக்கு மூச்சு இரைத்தது. ஒரு இடத்தில் பிள்ளையின் மூச்சுச் சத்தம் நின்றது. ராக்காயி நின்று, அவளைத் தன் முன்கையில் முகம் கவிழ்த்துப் பிடித்து, முதுகைத் தட்டினாள். சத்தம் திரும்பவும் வந்தது. கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சுப்பையா பிள்ளை, இதோ அவரே இருக்கிறார், குடையோடு ஓடிவந்து பிள்ளையின் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் நனைந்துகொண்டே வந்தார். என் சபையார் யாரும் பின்னால் வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் வரவில்லை. விட்ட ஜெபத்தை உபதேசியார் எடுத்து முடித்துக்கொண்டிருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

டாக்டர் கிருபையின் வாயைத் திறந்து விளக்கைப் பிடித்துப் பார்த்தார். உடனே கத்தி கேட்டார். தொண்டைக்குப் பின்னால் பெரிய கட்டி, சீழ் பிடித்து மூச்சுக்குழலை அடைக்கிறது என்றார். தலையை அசையாமல் பிடிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. நான் கையை நீட்டினேன். அவர் பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருந்த ராக்காயியிடம் சொன்னார்: "நீதானே அம்மா? கெட்டியாப் பிடி."

அவள் நான் அம்மா இல்லை என்று சொல்லவில்லை. பிடித்தாள். நான் கதவோரத்தில் ஒதுங்கி நின்றேன். ஒரு வெட்டு. டாக்டர் அவளைச் சட்டென்று கவிழ்த்தார். சீழும் ரத்தமும் தரையில் கொட்டியது. அதற்குப் பிறகு கிருபை வீறிட்டு அழுதாள். மூன்று நாளாக ஒரு சத்தமும் போடாத பிள்ளை. நான் எத்தனையோ ஞானப்பாட்டு கேட்டிருக்கிறேன், அந்த அழுகைக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நானும் அழுதேன்.

"இத்தனை நாளா என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தோம் என்று சொல்லாமல் எழும்பித் தரையைத் துடைக்கத் துணி கேட்டேன்.

பிள்ளை தூங்கினபிறகு வெளி விறாந்தையில் ஞானம்மாளிடம் சொன்னேன். "எனக்கு ஒண்ணும் புரியல ஞானம். மருந்தில்லாம என்னைச் சுகமாக்குன ஆண்டவர், பிள்ளைய மட்டும் ஏன் கத்திக்கு விட்டாரு?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்க காய்ச்சல் கொயினா வில்லையில போச்சுங்க. காலையில வாழைப்பழம் குடுத்தேனே, அதுக்குள்ள வச்சேன். நீங்க எதையும் மென்னு திங்கிற ஆளா? சுகமாகிட்டீங்கன்னு சொல்லலாம்னு பார்த்தேன். அதுக்குள்ள கோயில்ல எந்திரிச்சு நின்னுட்டீங்க."

சபையாரே, நான் ஒரு மணி நேரம் சொல்லி உங்களை அழவைத்த அந்தச் சாட்சி, தினம் ஒரு வாழைப்பழம். அதை வைத்துத்தான் உங்களை ஒவ்வொருவராக நிறுத்தி விசுவாசம் எங்கே என்று கேட்டேன். இன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுகிறேன். ஞானம்மாள் இவ்வளவு நாள் அதைச் சொல்லாமல் இருந்தது என்மேல் உள்ள அன்பினால் அல்ல, பயத்தினால். கர்த்தர் என்னை மன்னிப்பார், அவள் மன்னிக்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

அன்று சாயங்காலம் பிள்ளை கண்ணைத் திறந்து தண்ணீர் குடிக்கும் வரைக்கும் ராக்காயி போகவில்லை. விறாந்தையில் கம்பளியைப் பிழிந்துகொண்டிருந்தாள். ஜெபத்துக்கு நடுவில் எழும்ப உனக்கு எப்படித் தைரியம் வந்தது என்று கேட்டேன்.

"நீங்க சொன்னது எனக்கு ஒண்ணும் வெளங்கலீங்கய்யா. பிள்ளை மூச்சு மட்டுந்தான் காதுல விழுந்துச்சு" என்றாள். கம்பளியை உதறிவிட்டு, "என் மூத்தது இப்படித்தான் போச்சு. காலையில ஆள்கணக்கு எடுக்கிற பெரட்டுல நின்னு கங்காணிகிட்டக் கேட்டேன். பெரட்டு முடியட்டும், பேர் எடுத்து முடிக்கிறேன், அப்புறம் போன்னாரு. நானும் நின்னேன். எல்லாரும் நிக்கிறாங்களேன்னு நின்னேன். லயத்துக் காம்பராவுக்குப் போய்ப் பார்க்கையில ஒண்ணுமில்ல" என்றாள்.

இரண்டு வருஷம் அவளுடைய ஆத்துமா எப்படி இருக்கிறது என்று வாரம் தவறாமல் கேட்டவன் நான். அவளுக்கு ஒரு பிள்ளை செத்தது எனக்குத் தெரியாது. காலில் விழலாம் என்று நினைத்தேன். அதுவும் ஒரு நாடகமாகிவிடும் என்று பயந்து சும்மா நின்றேன்.

கதை அதோடு முடிந்திருந்தால் நம் சபை ஒரு நல்ல சபை. அடுத்த ஞாயிறு உபதேசியார் ஐயா பிரசங்க பீடத்தில் ஏறி, நம்முடைய ஊக்கமான ஜெபத்தைக் கேட்டு ஆண்டவர் தேவசகாயத்தின் மகளை உயிர்ப்பித்தார் என்று சொன்னார். ராக்காயியின் பெயரை எடுக்கவில்லை. அதற்கடுத்த வாரம் தலைவர்கள் கூட்டத்தில் அவள் பெயரை எடுத்தார்கள், ஜெபத்தில் ஒழுங்கைக் குலைத்தாள் என்று. இன்னும் ஒரு வருஷம் பரீட்சையில் வைக்கவேண்டும் என்று வாத்தியார் சொன்னார். செத்துக்கொண்டிருந்த பிள்ளையைத் தூக்கினது குற்றமாம். தூக்காமல் முழங்காலில் இருந்த நாங்கள் எல்லாரும் ஒழுங்கானவர்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அங்கேயே காறித் துப்பவேண்டும் போல இருந்தது.

சீட்டுக் கொடுக்கிற நாள் வந்தது. போதகர் ஐயா புத்தகத்தைத் திறந்து வழக்கம்போல என்னைக் கேட்டார்: "இந்த ரெபேக்காள் ஜெபிக்கக் கற்றுக்கொண்டாளா?"

"கற்றுக்கொள்ளவேண்டியது அவள் இல்லை, ஐயா" என்றேன். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன், வாழைப்பழத்தைத் தவிர. அதற்கு அன்று தைரியம் வரவில்லை, இன்று வந்தது. "அவள் சீட்டை எழுதுங்கள். என் வகுப்பை வேறு யாருக்காவது கொடுங்கள். அவள் இருந்த பரீட்சையில் என்னைப் போடுங்கள்."

போதகர் ஐயா பேனாவை மையில் தோய்த்தார். பிறகு அவள் பெயரை எழுதினார். ராக்காயி அந்தச் சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு என்னிடம் வந்து, "பிள்ளை சோறு திங்குதாங்கய்யா?" என்று கேட்டாள். தின்கிறாள் என்றேன். "அது போதும்" என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

இப்போது நான் பரீட்சையில் இருக்கிற அங்கத்தினன். கடையில் துணி வெட்டும்போது ஜெபிக்கிறேன், நடக்கும்போது ஜெபிக்கிறேன். எதுவும் ஒரு மூச்சுக்குமேல் போவதில்லை. ஆண்டவர் ஜெபத்தைக் கேட்கிறார் என்று நான் முன்னே சொன்னது வாயால். இப்போது சொல்வது என் மகள் உயிரோடு என் முன்னே உட்கார்ந்திருப்பதால். அவரை நம்புங்கள். அவர் அனுப்புகிற ஆள் உங்களுக்குப் பிடித்த ஆளாக இருக்கமாட்டார், வாங்கில் உட்காருகிற ஆளாகவும் இருக்கமாட்டார். அதற்காக அனுப்பவில்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

சாட்சியை ஜெபத்தோடு முடிப்பது வழக்கம். நான் முடிக்கப்போவதில்லை.

உபதேசியார் ஐயா, உங்கள் வீட்டம்மா மூன்று வாரமாக இருமுகிறார். போன வெள்ளிக்கிழமை அவர் இருமின ரத்தத்தை முந்தானையில் துடைத்து மறைத்ததை என் மனைவி பார்த்திருக்கிறாள். நீங்கள் ஜெபித்துக்கொண்டிருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் இருந்தேன். சுப்பையா பிள்ளையின் மாட்டு வண்டி ஆலய வாசலில் நிற்கிறது. அதற்காகத்தான் அவரை வரச்சொன்னேன், என் பேச்சைக் கேட்க அல்ல. ஆஸ்பத்திரி போகிற வரைக்கும் வண்டியில் ஜெபிக்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள்.

அம்மா, எழுந்திருங்கள். உபதேசியார் சம்மதிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கவேண்டாம். கிருபை, போய் உபதேசியாரம்மாவின் கையைப் பிடித்துக்கொள்.